மூன்று நிமிடம்

பேருந்துக் காப்பீடு பற்றி
மூன்று நிமிடம் பேசச் சொன்னார்கள்.
காப்பீடு சரியாக இருக்கிறது.
தாள்கள் வாசல் மேசையில், ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.
மீதி நேரத்தை வேறொன்றுக்குச் செலவழிக்கிறேன்.

போன மே மாதம் என் மகள் சுன்னிவாவும்
உங்கள் பிள்ளைகள் அளவு கொடுத்திருக்கும்
அதே சிவப்புக் கால்சட்டையில்தான் திரிந்தாள்.
பதினேழாம் தேதி வரை துவைக்கக் கூடாதாம்.
இருபத்திரண்டு பேர், ஒரு பேருந்து,
வாய் மாறி வாய் மாறி ஒரே புட்டி.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
எண்பத்தொன்பதில் நானும் அப்படித்தான் குடித்தேன்.

ஞாயிறு விடியற்காலை வந்தாள்.
விடியல் என்பது வாய்ப்பழக்கம்,
மே மாதத்து பூடோவில் இருட்டு ஏது?
வாந்தி எடுத்தாள். தலை பிளக்கிறது என்றாள்.
நேற்றுக் குடித்தது இன்று பேசுகிறது என்று சிரித்து
வாளியை வைத்தேன்.
திரையை மூடச் சொன்னாள்.
மூடித்தான் இருந்தது.
ஓரத்தில் கசிந்த ஒரு விரற்கடை வெளிச்சத்துக்கு
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.
தூங்கட்டும் என்று கம்பளியை ஆணியில் மாட்டினேன்.
நெற்றி கொதித்தது, பாதம் பனிக்கட்டி.
காலுறை போட்டுவிட்டேன்.
கால் வலிக்கிறது அப்பா என்றாள்.
ஆடினாயே என்றேன்.

கவனியுங்கள்,
எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

பத்து மணிக்குப் படகுத்துறைக்குப் போனேன்.
கயிறு மாற்ற வேண்டியிருந்தது.
நல்ல கயிறு, இன்னும் இருக்கிறது.

திரும்பி வந்து எழுப்பினேன்.
கண் திறந்து என்னைப் பார்த்து
“பாம்சே” என்றாள்.
பாம்சே எங்கள் நாய்.
செத்து நான்கு வருடம்.

அப்புறம்தான் கண்ணாடித் தம்ளர்.
கடுகு வாங்கும்போது சேர்ந்து வந்தது,
அடியில் கீறல் விழுந்தது.
இடுப்புக்கு மேலே இரண்டு புள்ளி,
சிவப்புப் பேனா பட்ட மாதிரி.
தம்ளரை வைத்து அழுத்தினேன்.
சுற்றிலும் தோல் வெளுத்தது.
புள்ளிகள் வெளுக்கவில்லை,
கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

எல்லோரும் அந்தப் புள்ளியைத்தான் கேட்கிறார்கள்.
அதற்காகக் காத்திருக்காதீர்கள்.
கடைசியில் வரும்; வராமலும் போகும்.
நாயின் பெயரைக் கேட்டதுமே
நான் 113 அழுத்தியிருக்க வேண்டும்.
இல்லை, அதற்கும் முன்னால்,
அந்தக் காலுறையை எடுத்தபோதே.

வீட்டுக் கூடத்திலேயே ஊசி போட்டார்கள்.
ஹெலிகாப்டர் வேண்டாம், மருத்துவமனை பக்கம்தான்
என்று ஒருவர் சொன்னது ஞாபகம் இருக்கிறது.
மூளையுறைக் காய்ச்சல்,
ரத்தத்திலும் கலந்துவிட்டது என்று இளம் டாக்டர் சொன்னபோது
அவர் பெயர்ப் பட்டை தலைகீழாகத் தொங்கியது.
தூர்டிஸ், என் மனைவி,
இருபத்தொரு வீட்டுக்கும் போன் செய்தாள்.
அன்றிரவு மற்ற பிள்ளைகள் மாத்திரை விழுங்கினார்கள்.
பேருந்து பெட்ரோல் பங்க் பின்னால் விளக்கணைந்து நின்றது.

தடுப்பூசி போட்டிருந்தோமா?
ஒன்று போட்டிருந்தோம்.
இன்னொரு வகைக் கிருமிக்கு வேறு ஊசி என்று
மார்ச்சில் தாள் கொடுத்திருந்தார்கள்.
பரீட்சை முடியட்டும் என்று
குளிர்ப்பெட்டிக் கதவில் மாட்டிவைத்தேன்.
பஃபின் பறவை போட்ட காந்தம்.
தாளை எடுத்துவிட்டேன்.
காந்தத்தை எடுக்கத் தூர்டிஸ் விடவில்லை.

பிழைத்தாள்.
இடது பாதத்தில் மூன்று விரல் இல்லை.
இடது காதும் இல்லை, இருக்கிறது, கேட்காது.
சாப்பாட்டு மேசையில் நாற்காலி மாற்றிக்கொண்டாள்.
கொடிநாள் ஊர்வலம்
தனக்கு ஒரு பக்கமாகவே போகிறது என்கிறாள்.
அதற்குச் சிரிக்க வேண்டும், சிரிக்காவிட்டால் கோபம் வரும்.

இப்போது வெளியே காரில்தான் இருக்கிறாள்.
உள்ளே வரமாட்டாளாம்.
மூன்று நிமிடத்துக்கு மேல் பேசாதே என்றாள்.
ஏழு ஆகிவிட்டது.

தூங்கட்டும் என்று விடாதீர்கள்.
எழுப்புங்கள்.
வைவார்கள், வையட்டும்.
எழுப்பி நாயின் பெயர் கேளுங்கள்.

வேறு சந்தேகம் இருந்தால் கேட்கலாம்.
ஆமாம்,
பேருந்தைப் பற்றியும்.