இடது தொடையிலிருந்து ஓர் அரிசி

கோவிலூர் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் படுக்க வைத்து
மரத்துப்போக ஊசி போட்டு
பேனா தடிமனில் ஒரு கம்பியை இறக்கி
டாக்டர் பிந்து குரியன் எடுத்தது
ஓர் அரிசி அளவு தசை.
நொய்யரிசி என்றே சொல்லலாம்.
வலிக்கவில்லை. யாரோ உள்ளிருந்து
சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது.

எழுநூறு ரூபாயும் ஒரு ஜூஸ் பாக்கெட்டும் தந்தார்கள்.
ஒன்றிலிருந்து ஆறு வரை ஓட்டக்காரர்கள்,
ஆலப்புழை, திருச்சூர் பக்கமிருந்து
ஒரு மாதம் மலையில் ஓட வந்தவர்கள்.
ஏழாம் நம்பர் நான்.
காகிதத்தில் எனக்கு நேரே எழுதியிருந்தது:
சுமை தூக்குபவர், பெண், முப்பத்து நான்கு.

ஷிம்னா என்ற பெண் முதல் வாரம்
கேரட் கழுவும் வாய்க்காலோரம் குனிந்து
குடித்த கட்டன்சாயாவை அப்படியே கக்கினாள்.
"சேச்சி, இவிட காத்துல என்னமோ குறவு" என்றாள்
பாதித் தமிழில்.
குறைவா?
பிறந்ததிலிருந்து
இதைத்தான் முழுசு என்று நினைத்திருந்தேன்.

கிராண்டிஸ் தோப்பு வழியே அவள் ஓடுவதை
மூட்டையை இறக்கிவைத்துப் பார்ப்பேன்.
மணிக்கட்டில் கடிகாரம், நெஞ்சில் ஒரு பட்டை.
என் ஓட்டம் வேறு.
பள்ளத்துப் பாத்தியிலிருந்து ஜீப் நிற்கும் இடம் வரை
நூற்றுப் பதினெட்டு வரப்பு.
தலையில் முப்பத்தைந்து கிலோ வெள்ளைப்பூண்டு.
கடிகாரம் கிடையாது, ஜீப் ஹாரன் உண்டு.
எழுபதாம் வரப்பில் தொடை எரிய ஆரம்பிக்கும்.
எண்பதில் எரிச்சல் தன் பாட்டுக்கு எரியும்,
நான் என் பாட்டுக்கு ஏறுவேன்.

மலைக்காரி தசை பருத்திருக்கும்
என்றுதான் நினைத்தேன்.
இன்னும் உயரத்தில், பனிமலைகளின் பக்கம்,
நார் மெலியுமாம்.
ரத்தக்குழாய் அதிகம் முளைப்பதில்லையாம்;
நார் ஒடுங்குவதால்
குழாய்க்கும் அதன் நடுவுக்கும் இடையே
தூரம் குறைகிறதாம்.
கிடைக்கிற கொஞ்சமும்
வழியில் தீர்ந்துவிடாமல் போய்ச் சேருமாம்.
"இந்த உயரத்தில் எப்படியென்று எனக்கே தெரியாது,
அதற்குத்தான் உன் அரிசி" என்றார் டாக்டர்.

பூண்டு விலை விழுந்த வருஷம்
பின்னறையை உருளைக்கிழங்கு வியாபாரிக்கு விட்டுவிட்டு
நாங்கள் நாலு பேரும் அடுப்படிக்குள் வந்தோம்.
தட்டு கைக்கெட்டும் தூரம்.
சண்டையும் கைக்கெட்டும் தூரம்.

நான்காம் வாரம் ஷிம்னா
மூச்சுச் சத்தமே இல்லாமல் என்னைக் கடந்து போனாள்.
திரும்பி வந்து சொன்னாள்:
இங்கே ஊறிய ரத்தம் கீழே போனால்
இரண்டு மூன்று வாரம் நிற்கும்,
அதற்குள் போட்டி,
பிறகு கரைந்துவிடும்.
கமிஷன் கடைக்காரன் அட்வான்ஸ் மாதிரி என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை.
விளக்குவதற்குள் ஹாரன் அடித்தான்.

என் அரிசி இப்போது கோட்டயத்தில்
வெள்ளைப் புகை கக்கும் குளிர்ப்பெட்டிக்குள் இருக்கிறதாம்.
கடலுக்குக் கிட்டத்தில்,
காற்று தாராளமாய்க் கிடக்கிற ஊரில்,
மூச்சே தேவைப்படாத ஒரு டப்பாவில்.
நான் மலையிறங்கியது இரண்டே தடவை.
உடுமலையில் ஒரு பிரசவம், ஒரு சாவு.
அங்கே காற்று கூழ் மாதிரி இருந்தது,
மென்று விழுங்க வேண்டும் போல.

ரிசல்ட் வரும் என்றார்கள்.
மழை இரண்டு வந்து போனது.
தொடையில் கடுகளவு தழும்பு.
எழுபதாம் வரப்பில் நின்று
சும்மாட்டைச் சரிசெய்யும்போது
அந்த இடம் மட்டும் லேசாக இழுக்கும்,
மற்றவர்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம்,
ஒருத்தியை மட்டும் காணோம் என்பது போல.