ஐநூத்தி ஒண்ணு

ஏற்காட்டு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று
ஒழுங்காகப் பலகை நட்டிருக்கிறார்கள்.
எங்கள் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்து டார்ட்ஸ் பலகையிலும் இருபதுதான்.
ஆனால் இருபதுக்கு அந்தப் பக்கம் ஐந்து, இந்தப் பக்கம் ஒன்று.
வாந்தி எடுத்துக்கொண்டே ஏறிய யாரோ
எண்ணின மாதிரி.

எந்த நாட்டில் இந்த ஆட்டத்துக்கு எவ்வளவு மவுசு?
என்னைக் கேளுங்கள்.
பதிவேடு எழுதுவது நான், சுவரைப் பார்ப்பதும் நான்.
பலகையில் குத்தினால் நார் மூடிக்கொள்ளும்.
சுவர் மூடிக்கொள்ளாது.

ஹாலந்துத் தம்பதி, மூன்று இரவு.
சுவரில் ஒரு துளை கிடையாது.
குளிர்காலத்தில் அவர்கள் தெருவே
டிவி முன்னால் உட்காருமாம், இதைப் பார்க்க.
இங்கிலாந்துப் பெரியவர், பியர் இல்லை என்றதும்
எலுமிச்சை சோடாவை இடது கையில் பிடித்துக்கொண்டு எறிந்தார்.
இரண்டு துளை. இரண்டுக்கும் தனித்தனியே மன்னிப்புக் கேட்டார்.
உருக்காலைக்கு வந்த ஜப்பான் பொறியாளர்
நுனியைத் தொட்டு விரலை இழுத்துக்கொண்டார்.
அவர் போகும் கடையில் நுனி பிளாஸ்டிக்,
கணக்கை இயந்திரமே போட்டுப் பாட்டும் பாடுமாம்.
"இங்கே கணக்கு யார்?"
கையைத் தூக்கினேன்.
பாடச் சொல்லவில்லை, நல்லவேளை.

சேலத்தில் நர்சிங் படிக்கும் கென்யாப் பெண் வஞ்சிகு
எறியவே இல்லை. கிட்டப் போய் மோந்து பார்த்தாள்.
"இது எங்க ஊர்க் கற்றாழை.
எங்க மாமா வெட்டுவார், கையெல்லாம் அரிக்கும்.
இதை வச்சு விளையாடுவாங்கன்னு
இங்க வந்துதான் தெரியும்."
எங்கள் ரயில் பாதை ஓரமும் அதுதான் என்றேன்,
மாடு தாண்டாமல் இருக்க.
ரொம்ப நேரம் சிரித்தாள்.

சென்னைக் கம்பெனிப் பையன்கள், எட்டுப் பேர், ஒரே ராத்திரி:
நாற்பத்தி மூன்று துளை.
காலண்டரில் ஏகாதசிக்கு மட்டும் மூன்று.
துளையை எண்ணி மவுசைச் சொல்வதானால்
உலகத்திலேயே இந்தியாதான் முதல்.

கோடை விழாக் கூட்டம் இறங்கியதும்
நானும் வெள்ளச்சியும் பட்டி பூசி அடைப்போம்.
அவள் அறை பெருக்குகிறவள். சீசனில் காப்பித் தோட்டம்.
பலகைக்குக் கீழே ஆறு வருஷம் பெருக்கியிருக்கிறாள்,
எறிந்ததில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் கரண்ட் இல்லை, ஆள் இல்லை.
மேகம் ஜன்னல் வழியே வந்து
நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது.
"எங்க ஆரம்பிக்கணும்?" என்றாள்.
"ஐநூத்தி ஒண்ணு."
"என்ன, மொய்யா?"
"மொய்தான். எறிய எறியக் கழியும். சைபர்ல முடிக்கணும்."
"சைபர்லயா! விளங்கிடும்."

தோள் அசையவில்லை, மணிக்கட்டு மட்டும்.
பழத்துக்குள் கிடக்கும் பச்சைக் காயைப்
பார்க்காமலே பின்னால் டின்னில் போட்டுப் பழகிய கை.
மெழுகுவர்த்தி பாதியானபோது சிலேட்டில் இருபத்தொன்று.
சுவரில் எதுவும் இல்லை.
எறிந்தாள். இருபது. நட்ட நடுவில்.

மிச்சம் ஒன்று.

"அப்பாடா" என்று உட்கார்ந்தாள். "லட்சணமா முடிஞ்சது."
எனக்கு விதி தெரியும், ஹாலந்துக்காரர் சொன்னது:
ஒன்று மிஞ்சினால் அந்த எறி செல்லாது,
பழைய எண்ணுக்கே திரும்ப வேண்டும்.
இருபத்தொன்றை எழுதச் சாக்பீஸை எடுத்தேன்.
அவள் முந்தானையில் கை துடைத்துக்கொண்டிருந்தாள்,
மண்டபத்தில் மொய் எழுதிவிட்டுப்
பந்திக்குப் போகிறவள் மாதிரி.
சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

மறுநாள் காலை வந்த ஜெர்மன்காரர்
பையை இறக்கும் முன்பே சிலேட்டைப் பார்த்தார்.
"இது தப்பு. ஒன்று மிஞ்சவே கூடாது."
"ஆமாம் சார்" என்றேன்.
பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு
ஏழாம் நம்பர் சாவியைக் கொடுத்தேன்.