முப்பத்தைந்தரை

டிசம்பர் பாதியாகியும் யாப்லோனெட்ஸில் மழை.
கூரைத் தகரம் நான்கு நாளாக வாய் மூடவில்லை.
என் மேசையில் மட்டும்
வெள்ளிக்கிழமைக்குள் இருநூறு பனிப்பூ விழவேண்டும்:
நூற்றறுபது பர்னோ கடையின் மரங்களுக்கு,
நாற்பது காதணிக்கு.
காதணி நகத்தளவுதான்,
அதில்தான் கண் போகிறது.

நடுவில் பற்றவைத்த ஆறு கம்பி.
ஒவ்வொன்றிலும் முதலில் கடுகு மணி,
பிறகு குழல்மணி, மறுபடி கடுகு,
பட்டை தீட்டிய நீலம் ஒன்று,
நுனியில் பால்நிறத் துளி.
குறட்டால் கம்பியை வளைத்து வாயை மூடு.
மூடாவிட்டால் எல்லாம் தரைக்கு.
தரைக்குப் போனது பலகை இடுக்குக்கு.
இடுக்குக்குப் போனது
இந்த வீட்டை இடிக்கிறவனுக்கு.

மேல்மாடி ஹினெக்
டெஸ்னா சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன்.
தள்ளப் பனியில்லை, பாதிச் சம்பளம்.
செவ்வாய்க்கிழமை வாசலில் நின்றான்,
காலணியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி.
"ஏதாவது வேலை கொடேன்."
ஒன்றுக்கு ஏழு கொருனா என்றேன்.
அவன் பேரம் பேசவில்லை.
அவன் விரல்களைப் பார்த்து நான்தான் யோசித்தேன்:
ஸ்பானர் பிடித்த விரல்,
கடுகு பிடிக்குமா?

முதல் நாள் மூன்று.
மறுநாள் பதினொன்று. அதில் ஒன்றுக்கு
ஒரு கரம் குட்டை, நீலமணி விட்டுப்போயிருந்தது.
வெட்டப் போனேன்.
குறட்டின் குறுக்கே உள்ளங்கையை நீட்டினான்.
"இருபத்திரண்டு குளிர்காலம்
என் முன்கண்ணாடியில் வந்து மோதியிருக்கு.
முழுசா வந்தது ஒண்ணுகூட இல்லை.
இடிச்சுக்கிட்டு, கால் உடைஞ்சு,
ரெண்டு மூணா ஒட்டிக்கிட்டுத்தான் வரும்.
ஆறும் சரியா இருக்கிறது உன் மேசையிலதான்."

"கடைக்காரி மோதிப் பார்க்கமாட்டாள்,
எண்ணிப் பார்ப்பாள்."
வெட்டினேன்.
சிதறியதை அவனே பொறுக்கினான்,
எச்சில் தொட்ட விரல்நுனியால்,
ஒவ்வொன்றாக,
ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு.

வியாழன். உருளைக்கிழங்கு சூப் அடுப்பில் ஆறிப்போனது.
"எத்தனை லட்சத்தை ஓரம் தள்ளியிருப்பேன்,
இப்ப ஒண்ணொண்ணா கட்டுறேன் பார்" என்று சிரித்தான்.
பேசாதே, எண்ணிக்கை தப்பும் என்றேன்.
அன்று மட்டும் இருபத்திரண்டு முடித்தான்.
மணியையே பார்த்திருந்ததில்
மணி பார்க்கவில்லை.

திடீரென்று தகரம் பேச்சை நிறுத்தியது.
மழை நின்றால் வழக்கமாகச் சொட்டும்.
சொட்டவில்லை.
இருவரும் ஒரே நேரத்தில் தலை தூக்கினோம்.
தெருவிளக்கின் கீழே மட்டும்
காற்றுக்கு உருவம் வந்திருந்தது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.
"ஆமாம். ஆமாம். இருபது நிமிஷம்."
கையில் இருந்த கம்பியை
வெட்டிவைத்த கிழங்கின் பாதியில் குத்தி நிறுத்திவிட்டு
காலணிக் கயிற்றைக் கட்டாமல் இறங்கி ஓடினான்.
அவனை அவ்வளவு வேகமாக நான் பார்த்ததில்லை.

மூன்று கரம் முடிந்திருந்தது.
நான்காவதில் ஒரே ஒரு கடுகு.

மூன்றரைக்கு அவன் வண்டி என் ஜன்னலைக் கடந்து
மலைக்கு ஏறியது.
சுழல்விளக்கு ஒவ்வொரு சுற்றுக்கும்
மேசையில் இருந்த கண்ணாடி அத்தனையையும்
மஞ்சளாக்கி, திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது.

மிச்சத்தை நான் முடித்தேன்.
உற்றுப் பார்த்தால் தெரியும்:
அவன் வளைத்த நுனி பெரிது, கோணல்,
யானை இழுத்தாலும் பிரியாது.
என்னுடையது சின்னது.
பெட்டியில் நூற்று ஐம்பத்தெட்டாவதாக வைத்தேன்.
கடைக்காரி ஆறு வரை எண்ணுவாள்,
அதற்குமேல் கேட்கமாட்டாள்.

உறையில் எழுதினேன்:
ஹினெக், முப்பத்தைந்தரை.
வெட்டியதைக் கழித்தாயிற்று.
இருநூற்று நாற்பத்தெட்டரை கொருனா.

அரைக் கொருனா நாணயம்
இப்போது யாரிடமும் இல்லை.
நாற்பத்தொன்பதாக வைத்து ஒட்டினேன்,
அந்த ஒரு கடுகுக்கும் சேர்த்து.