ரசீது எண் ஒன்று

மூன்று அம்புகள் ஒன்றையொன்று துரத்தும் வட்டத்தைத்தான்
முதலில் கொண்டுபோனேன்.
மொன்டெவிடியோவின் மேற்கு ஓரம், தகரக் கொட்டகை,
கூரை வரை அட்டைப்பெட்டிகள்.
குப்பை பிரிப்போர் கூட்டுறவுச் சங்கம்.
உறுப்பினர் முப்பத்தொன்று. சின்னம் இல்லை.

ஒந்தீனா பெத்தாங்கோர்
கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.
"இது எல்லாத் தொட்டியிலும் இருக்கிறதே.
நாங்கள் தொட்டி இல்லை."

அடுத்த வாரம் ஒரு குதிரை.
நான்கே கோடு.
கழுத்து வளைவுக்கு மட்டும் மூன்று இரவு.
கொட்டகையில் பேச்சு நின்றது.
வில்மார் தெச்சேரா எழுந்து வெளியே போனான்.
வண்டிக் குதிரைகளை நகராட்சி வாங்கிக்கொண்டு
மோட்டார் வண்டி கொடுத்த வருடம் அது,
யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.
அவனுடையது பழுப்பு. பெயர் தொமிங்கோ.
ஞாயிற்றுக்கிழமை பிறந்ததாம்.

சுரைக்குடுவையில் மாத்தே சுற்றி வந்தது.
மறுக்கத் தெரியாமல் குடித்த கசப்பு.
ஒந்தீனா ஈரக் கையுறையைக் கழற்றி
என் வெள்ளைத் தாளின்மேல் வைத்தாள், எடுத்தாள்.
ஐந்து விரல்,
நடுவிரல் நுனியில் கிழிசல் உட்பட.
எனக்கு உடம்பு சிலிர்த்தது.
இதுதான், இதேதான் என்று
கைபேசியில் நான்கு கோணத்தில் படமெடுத்தேன்.
அவர்கள் சிரித்ததில்
கட்டி வைத்த செய்தித்தாள் அடுக்கொன்று சரிந்தது.
"அது கறை.
பொழுது முழுக்க அதைத்தான் கழுவுகிறோம்.
அதையே நெற்றியில் ஒட்டிக்கொள்ளச் சொல்கிறாயே!"

பின்னே என்னதான் வேண்டும்?
கத்திவிட்டேன் போலிருக்கிறது.

கணக்கு எழுதும் ஜாசிரா
பேனா மூடியைக் கடித்தபடி சொன்னாள்:
காகித ஆலை வாசலில் எடைச்சீட்டை நீட்டினால்
காவலாளி முதலில் பார்ப்பது முத்திரையை.
வட்டமென்றால் உள்ளே விடுகிறான்.
சதுரமென்றால் யாருக்கோ ஃபோன் போடுகிறான்.
ஒன்றுமே இல்லையென்றால் மழையில் நிற்கிறோம்.
நனைந்த அட்டைக்குப் பாதி விலை.

சரி, வட்டம்.
உள்ளே சங்கத்தின் பெயர், ஒன்பது சொல்.
சுருக்கலாமே என்றேன்.
"அதை வைக்கவே ஏழு கூட்டம் நடந்தது" என்றான் வில்மார்.
குதிரைக்குப் பிறகு என்னிடம் அவன் பேசிய முதல் வார்த்தை.
ஒன்பது சொல்லும் கட்டைவிரல் நகத்தின் அளவில்,
ஒரே மையில், மலிவான ரப்பரில் தெரிய வேண்டும்.
எழுத்துக்கும் விளிம்புக்கும் நடுவே
அரை மில்லிமீட்டர் கூட்டினேன், குறைத்தேன்,
விடியும்போது மறுபடி கூட்டினேன்.
கல்லூரியில் பரிசு வாங்கியவன் நான்.
அதைக் கொட்டகையில் சொல்லவில்லை.

ஜூனில் தெற்குக் காற்று பிடித்துக்கொண்ட நாளில்
கூலி வாங்கப் போனேன்.
கொஞ்சம் நோட்டு, ஒரு பை சில்லறை,
ரசீது எண் ஒன்று.
புதிய முத்திரை இன்னும் மை தொடவில்லை.
ஜாசிரா எழுந்து நின்றுகொண்டாள்.
வில்மார் வந்து
தாள் நகராமல் இரண்டு விரலால் பிடித்தான்.

டக்.

வலப்பக்கம் அழுத்தம் அதிகம்.
இடப்பக்கம் வட்டம் விழவேயில்லை,
கடைசி இரண்டு சொல்லும்.
வேறு தாளில் போட்டுத் தரட்டுமா என்றாள்.

வேண்டாமென்று தலையாட்டிவிட்டு
மை காயும்வரை
ஊதிக்கொண்டிருந்தேன்.