ஓம் அழியும் சந்தை

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் றோட்டில்
தை கடைசியில் பாதி எங்களுடையது.
மற்றப் பாதியில் பஸ் போகும்.
நெல்லைப் பரவி, கரையில்
கல்லும் முள்முருக்கங் கொப்பும் வைத்துவிட்டு
மதகுக் கட்டில் இருந்து போனைத் திறக்கிறேன்.
முரசுமோட்டை ரவர் இரண்டு கோடு காட்டினால் போதும்,
வெண்கலத்துறைச் சந்தையில்
நான் கடை விரிக்கலாம்.

அங்கே என் பெயர் நெருஞ்சி.
முழங்கால் வரை தாடி வளர்த்த குள்ளன்.
எழில்வதனி என்று கூப்பிட ஒருத்தருமில்லை.
குகை வாசலில் முளைக்கும் கசப்புவேரைப் பிடுங்கிச்
சந்தைப் பலகையில் போடுவது தொழில்.
நான் நாற்பது காசு போட்டால்
சாம்பல்நரி முப்பத்தொன்பது போடுவான்.
நான் முப்பத்தெட்டு.
நித்திரையே இல்லாத சீவன்.
எந்த ஊர், அங்கே விடிந்துவிட்டதா,
ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது.
ஒருநாள் முப்பத்தொன்றில் இருவரும் களைத்து நின்றோம்.
அடுத்தநாள், ஒரு சொல்லும் பேசாமல்,
இருவரும் நாற்பதுக்கே ஏறினோம்.
சந்தை வரி நூற்றுக்கு ஐந்து.
அதைக் கழித்துவிட்டு
ஈரப்பதன் என்று பெயர் சொல்வதில்லை அங்கே.

நான் சொல்ல வந்தது பலகையை அல்ல,
நேர்ப் பரிமாற்றத்தை.
ஆளும் ஆளும் எதிரெதிரே நிற்க
நடுவில் ஒரு பெட்டி திறக்கும்.
என் பக்கம் என் சாமான்,
உன் பக்கம் உன் காசு.
சம்மதமென்றால் ஒரு பச்சைச் சரி.
இரண்டு சரியும் விழுந்தால்தான் கைமாறும்.

முதல் வருஷம் அதிலேதான் ஒருவன் என்னை ஏய்த்தான்.
வெள்ளி வில்லைக் காட்டினான். சரி போட்டேன்.
இமைக்கிற நேரத்துக்குள் அதை எடுத்துவிட்டு
அதே வளைவில், அதே நிறத்தில்
மரவில் வைத்தான்.
மூன்று மாதம் பிடுங்கிய வேர்.
இந்த மதகில் இருந்து அழுதேன்.
பஸ்ஸில் போனவர்கள்
செத்தவீடென்று நினைத்திருப்பார்கள்.

பிறகு ஒரு அப்டேற் வந்தது.
ஒருவர் தன் பக்கத்தில் ஒரு காசைத் தொட்டாலும்
மற்றவர் போட்ட சரி தானாக அழியும்.
திரும்பப் பார்க்கவேண்டும். திரும்ப யோசிக்கவேண்டும்.
எத்தனை ஆயிரம் பேர் எங்கெங்கோ அழுதபின்
எந்த மேசையில் இருந்து யார் எழுதினார்களோ
அந்த ஒற்றை விதியை.

போன கிழமை ஒருத்தர் நானூறு வேர் கேட்டார்.
பெட்டி திறந்தது. சரி போட்டேன்.
சட்டென்று என் சரி அழிந்தது.
நெஞ்சு இடித்தது. மரவில்லா?
பார்த்தால், பேசிய காசுக்கு மேலே
ஐந்நூறு கூட வைத்திருக்கிறார்.
கூட்டினாலும் அழிகிறது.
நல்லதுக்கும் ஒருக்கால் கேட்கத்தான் வேண்டுமாம்.

நேற்று விக்கினராசா அண்ணை வந்து பார்த்தவர்.
கிலோ நூற்றுப்பதினைந்து என்றார்.
ஓம் என்றேன்.
இன்று பின்னேரம் லொறியோடு வந்தார்.
முப்பத்தொரு மூடை வாய் தைத்து
நாலு மூடை ஏற்றியும் ஆனபின்
வடகிழக்கில் வானம் கறுப்பதைப் பார்த்தார்.
"தொண்ணூற்றெட்டுத்தான் தங்கச்சி. ஈரம்."
பிறகு,
"நேற்று ஓம் எண்டனீர்தானே."

"ஓம் அண்ணை, எண்டனான்.
நீங்கள் விலையைத் தொட்ட உடனை
அது அழிஞ்சு போச்சு."

அவருக்கு விளங்கவில்லை.
லொறிக்கு மேலே நின்ற பெடியன் சிரித்தான்.
விளையாடுகிறவனாக இருக்கவேண்டும்.
அவனே ஒருத்தரையும் கேளாமல்
நாலு மூடையையும் இறக்கி வைத்தான்.
அந்தப் பகிடிக்கு அவன் இன்று
எவ்வளவு பேச்சு வாங்குவானோ.

லொறி திரும்பி, புழுதி அடங்குவதற்குள்
முதல் துளி விழுந்தது.
முப்பத்தொரு மூடை. ஒரு தறப்பாள். நான்.
நான் சொன்னது சரியா என்று
இன்னும் எனக்குத் தெரியாது.
ஒரு மூலையைக் கல்லால் அமத்த
மறு மூலை காற்றில் எழும்புகிறது.
சட்டைப் பைக்குள் போன் அதிர்கிறது.
சாம்பல்நரி
முப்பத்தொன்பது போட்டிருக்கிறான்.

பொறு.
கை ஈரம்.