முதலெழுத்து

மூன்றாம் முறையும் எந்திரம் சிவப்பைக் காட்டியது:
அடையாளம் இல்லை.

சசூன் டாக்கில் கூடை இறக்கையில்
ஹிராபாயின் கட்டைவிரலில்
கெளுத்தி முள் ஏறி ஒன்பது நாள்.
சீழில் ஒரு துளி
இரத்த அகாரில் இரண்டு இரவு கிடந்து
ஆடி மாதத்துப் பரேல் வானம் போல்
சாம்பல் புள்ளிகளாய் எழுந்தது.
முகரக் கூடாது.
முகர்ந்தேன்:
ஊறிய வெந்தயம்.

மரபணுவைப் படித்துப் பார்த்தோம்.
தெரிந்ததில் மிக நெருங்கியதோடும்
நூற்றுக்குத் தொண்ணூற்றாறுதான்.
பங்காளி. உடன்பிறப்பு இல்லை.

ஊர்ப் பெயரை வைக்கலாமா என்றேன்.
ஊருக்கு அவப்பெயர் என்றார் டாக்டர் தாம்பே.
நோயாளியின் பெயர்?
கட்டு மாற்ற வந்த ஹிராபாய் சிரித்தாள்:
"பேத்திக்கே என் பெயரை வைக்கவிடவில்லை மருமகள்,
சீழுக்கா வைப்பாய்?"

பேரினம் முன்னால், சிற்றினம் பின்னால்.
குடும்பப் பெயர் கேட்கும் கட்டம்
இந்த ஊருக்கு வந்த அன்று
என்னையும் மடக்கியது.
இ. செண்பகவல்லி என்றால் ஒப்பவில்லை.
புள்ளியை அழித்து, எழுத்தை விரித்தேன்.
பதினோரு வருடமாக வார்டில் நான்
மிஸ் இசக்கி.
முதல் ஆறு மாதம்
அப்பா வந்திருக்கிறாரோ என்று
திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

குழாயில் சீட்டு ஒட்டி
மைனஸ் எண்பதில் வைத்தாயிற்று.
4417/பி. பெயர் பிறகு.

எந்த மருந்துக்குச் சாகும் என்பது மட்டும்
இப்போதைக்குத் தெரியும்.
ஹிராபாய்க்கு அது போதும்.
வியாழக்கிழமையே
கூடை தூக்கப் போய்விட்டாள்.