இருபத்திரண்டு விகலை

பணகுடிக்கு மேற்கே, ஆடிக்காற்று.
முக்காலியின் நடுவில் கல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.
காற்றாலைக்காரனுக்கு மூலை தெரிய வேண்டும்,
சொரிமுத்துவுக்கு முடிவு தெரிய வேண்டும்,
அவர் அண்ணன் பெண்டாட்டி உலகம்மாளுக்கு
நேற்றைய மிச்சம் முந்நூறு பீடி முடிய வேண்டும்.
சுளகை மடியில் வைத்து உடைமர நிழலில் இருக்கிறாள்,
நிழல் நகர நகர அவளும் நகர்ந்து.

ஆறு நாற்பத்தெட்டுக்குத் தொடங்கியது.
ஆபிரகாம் பிடித்திருந்த கோல் கானலில்
தண்ணீருக்குள் நிற்பதுபோல் நெளிந்தபோது
பதினொன்றே கால்.
பதினைந்தில் நாற்பத்தெட்டு போகாது.
மணியிடம் ஒன்று கடன் கேட்டால் அறுபதாகத் தரும்;
பத்து வாங்கியே பழகிய கை
இத்தனை வருஷம் கழித்தும் ஒரு கணம் தயங்கும்.
நாலு மணி இருபத்தேழு நிமிடம்.
பஞ்சாங்கத்தில் பதினோரு நாழிகை, ஏழரை விநாடி.
ஏழரை என்றதும் சொரிமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.
அந்த விநாடிக்குள்
என் கைக்கடிகார விநாடி இருபத்துநாலு அடங்கும்.
ஒரே பெயர், ஒரே வீடு, பேச்சுவார்த்தை இல்லை.

நிமிடம் என்று சொன்னால் எல்லோரும் மணி பார்க்கிறார்கள்.
அதனால் கோணத்துக்குக் கலை, விகலை என்றே சொல்வேன்.

புளியடிக் கல்: 61 பாகை 47 கலை 52 விகலை
ஓடைக் கல்: 58, 36, 49
சுடலை பீடத்துக் கல்: 59, 34, 57

விகலை நூற்றைம்பத்தெட்டு.
“எத்தனை சேர்ந்தா மேல போவும்?” தலை நிமிராமல் உலகம்மாள்.
அறுபது.
“பெரிய கட்டுதான். எங்களுக்கு இருபத்தஞ்சு.”
இரண்டு கட்டு, மிச்சம் முப்பத்தெட்டு.
அந்த இரண்டையும் சேர்த்துக் கலை நூற்றுப்பத்தொன்பது:
ஒரு கட்டு, மிச்சம் ஐம்பத்தொன்பது.
அந்த ஒன்றையும் சேர்த்துப் பாகை நூற்றெழுபத்தொன்பது.

முக்கோணம் நூற்றெண்பதில் மூட வேண்டும்.
“எத்தன கொறையுது?”
இருபத்திரண்டு விகலை.
“எங்களுக்கு ரெண்டு பீடி கொறைஞ்சாலே கூலியில பிடிப்பான்.
ஒங்களுக்கு யாரு பிடிக்கா?”

யாரும் பிடிப்பதில்லை.
அரைக் கலை வரை அலுவலகம் மன்னிக்கும்.
குறையை மூன்று மூலைக்கும் பங்கு வைத்தால் கணக்கு மூடிவிடும்:
ஏழு, ஏழு, ஏழு.
ஒன்று மிஞ்சும்.
அதை எங்கே வைப்பதென்று கருவி சொல்லாது.
நூறு மீட்டர் தள்ளிப் பார்த்தால்
அவள் பீடி நூலின் தடிப்பு.
புளியடியில் வைத்தால் சொரிமுத்து பார்ப்பார்,
ஓடையில் வைத்தால் அவள்.
சுடலைக்கு எழுதினேன், அவர்தான் கேள்வி கேட்கமாட்டார்.

“அவரா? பங்கு கேக்கதுல அவருதான் மொத ஆளு.”

ஆபிரகாம் சிரித்தபடி கோலை மடக்கினான்.
நான் 180, 00, 00 என்று எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டேன்.

உலகம்மாள் பன்னிரண்டாவது கட்டை எண்ணினாள்.
திரும்ப எண்ணினாள்.
இருபத்துமூன்று.
சுளகைத் தட்டிப் பார்த்தாள், இலை தீர்ந்திருந்தது.
நூலைச் சுற்றாமல்
விரலிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.